அவருக்கு மட்டும் வாய்த்த பாறை

காலை 5.50. திருக்கோவிலூர் பேருந்து நிலையத்திலிருந்து கள்ளக்குறிச்சி வண்டி கிளம்பியது. என் கணவர் ஏழுமலை சன்னலோரம் உட்கார்ந்திருந்தார். நான் மடியில் ஆய்வுத் தாள்கள் அடங்கிய கோப்பு ஒன்றை வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில். ஐப்பசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, லேசான தூறல். தூரம் சுமார் நாற்பது கிலோமீட்டர், ஆளுக்கு நாற்பது ரூபாய் டிக்கெட். கல்வராயன் மலைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் அருவி பார்க்கப் போவார்கள். நான் ஒரு பாறையைப் பார்க்கப் போனேன். அந்தப் பாறையின் மேல் எனக்கு இருந்த ஆத்திரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் இந்தப் பயணத்தைப் படித்தால் ஒன்றும் விளங்காது.

நான் ஒரு கல்லூரியில் உளவியல் சொல்லிக்கொடுக்கிறேன். மனிதர்களுக்குத் திடீரென்று வாய்க்கிற ஒருவிதப் பேரனுபவம்தான் என் ஆய்வுப் பொருள். காவி கட்டியவர்களைப் பற்றி இல்லை. வங்கிக் காசாளர், செவிலியர், லாரி ஓட்டுநர் என்று நம் காலத்துச் சாதாரண ஆட்கள். ஏதோ ஒரு நாள், ஏதோ ஓர் இடத்தில், சில நிமிடங்கள் 'நான்' என்பது கழன்று விழுந்து எல்லாம் ஒன்றாகிவிட்டது என்று சொல்கிறவர்கள். அவர்களைத் தேடிப் போய்ப் பேட்டி எடுப்பது என் வேலை. இருபது வருடமாக எடுக்கிறேன். அந்த இருபது வருடமும் விடிகாலையில் எழுந்து கண்ணை மூடி உட்கார்ந்துகொண்டும் இருக்கிறேன். ஆய்வுக்காக என்று வெளியில் சொல்வேன். உண்மையில், எனக்கும் அது ஒரே ஒரு தடவை வந்துவிடாதா என்ற ஆசைதான். முட்டி வலி வந்தது. அது வரவில்லை.

என் கணவருக்கும் இதற்கும் ஏழாம் பொருத்தம். அவர் சர்க்கரை ஆலை ஒன்றில் கரும்பு உதவியாளர். யார் வயலில் எப்போது கரும்பு வெட்டலாம் என்று உத்தரவு எழுதுகிற வேலை. நான் தியானத்தில் உட்கார்ந்திருக்கும்போது சமையலறையிலிருந்து "தீப்பெட்டி எங்க?" என்று கத்துவார். என் ஆய்வைப் பற்றி உறவினர்கள் கேட்டால், "எதோ ஜனங்ககிட்ட கேள்வி கேட்டு எழுதிகினு வரும்" என்பார். இதுதான் அவருடைய ஆன்மிக ஞானம்.

இந்த மனிதர் ஆடி மாதம் கரும்பு வெட்ட ஆள் அனுப்புகிற மேஸ்திரியிடம் பேசுவதற்காக மலைமேல் இருக்கும் வெள்ளிமலைக்குப் போனார். திரும்பும் வழியில் மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய லாரி ஒன்று வளைவில் மாட்டிக்கொண்டு பாதை அடைபட்டுப் போனது. பேருந்தை விட்டு இறங்கி, பக்கத்துப் பாறையில் உட்கார்ந்திருக்கிறார். அங்கே அவருக்கு அது வந்துவிட்டது. இருபது வருடம் மரமேறிக் கையைச் சிராய்த்துக்கொண்டவள் நான். நோகாமல் நுங்கு தின்றவர் அவர்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்றார். "கலா, அங்க ஒண்ணு நடந்துச்சி" என்றார். இரண்டு கேள்வி கேட்டதிலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. உடனே, "பேசாதீங்க, பேசுனா கலைஞ்சிடும்" என்று சொல்லி உள்ளே ஓடி, என் கேள்விப் படிவத்தை எடுத்துவந்து அவர் கையில் பேனாவைத் திணித்தேன். ஆய்வில் அதுதான் முறை. சொல்லச் சொல்ல அனுபவம் கதையாக மாறிவிடும் என்பதால் முதலில் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். அவரும் சமர்த்தாக உட்கார்ந்து நிரப்பினார். நாற்பது கேள்வி. ஒவ்வொன்றுக்கும் 'சிறிதும் இல்லை' என்பதிலிருந்து 'முழுமையாக' என்பது வரை ஐந்து கட்டம். காலம் நின்றுபோனதா? முழுமையாக. எல்லாம் ஒன்று என்று தோன்றியதா? முழுமையாக. சொல்லில் அடங்காததா? முழுமையாக. நான் பேட்டி எடுத்த ஒருவர்கூட இத்தனை 'முழுமையாக' போட்டதில்லை. எழுதி முடித்துப் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கை கழுவப் போனார்.

அதன்பிறகு அதைப்பற்றி அவர் வாயே திறக்கவில்லை. நான் கேட்டால், "அதான் எழுதிக் குடுத்துட்டனே" என்பார். ஆனால் ஆள் மாறிவிட்டார். கோபம் கம்மி. ராத்திரி படுத்தால் உடனே தூக்கம். வேர்க்கடலை உரிக்கும்போது தனக்குள் சிரித்துக்கொள்கிறார். நான் தனியாக ஒரு குறிப்பேடு போட்டு, அனுபவத்தின் பின்விளைவுகள் என்று தலைப்பிட்டு, எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வந்தேன். எழுதும்போதெல்லாம் வயிறு எரிந்தது. கட்டிய கணவன் நிம்மதியாகச் சிரிப்பதைப் பார்த்து ஒருத்திக்கு வயிறு எரிகிறது என்றால் அவளை என்ன சொல்வது? நீங்களே ஏதாவது சொல்லிக்கொள்ளுங்கள்.

அனுபவம் நடந்த இடத்துக்கே ஆளைக் கூட்டிப் போய்க் கேட்டால் மறந்ததும் நினைவுக்கு வரும். அதைக் காரணம் காட்டித்தான் அவரை அழைத்தேன். அவர் மறுப்பார் என்று நினைத்தேன். "போலாம். நீயும் வரணும்னு நானே நெனச்சிகினு இருந்தேன்" என்றார்.

காலை 7.20. கள்ளக்குறிச்சி. தனி மாவட்டமான பிறகு பேருந்து நிலையத்தைச் சுற்றி உணவகங்கள் பெருகிவிட்டன. நான்கு இட்லி, ஒரு வடை, அறுபது ரூபாய். சாம்பார் வர ஐந்து நிமிடம் ஆனது. பழைய ஏழுமலையாக இருந்தால் இதற்குள் முதலாளியைக் கூப்பிட்டிருப்பார், நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்திருப்பேன். இப்போது அவர் சாம்பார் இல்லாத இட்லியைச் சிரித்த முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சண்டையை விலக்குகிற வேலைகூட இல்லாமல் போயிற்று.

என் துறையில் இந்த அனுபவங்களைப் பார்க்கச் சில வழிகள் இருக்கின்றன. ஒரு சாரார், எல்லாம் மூளையின் வேலை என்பார்கள். பசி, களைப்பு, மூச்சின் வேகம் மாறுவது, இவற்றால் 'நான் இங்கே முடிகிறேன், உலகம் அங்கே தொடங்குகிறது' என்று கோடு போடுகிற மூளைப் பகுதி சற்று நேரம் ஓய்ந்துவிடும், அவ்வளவுதான் என்பது அவர்கள் கட்சி. மற்ற நாளில் எனக்கு அந்தக் கட்சி பிடிக்காது. அன்று பிடித்தது.

"அன்னிக்கிக் காலைல இன்னா சாப்ட்டீங்க?" என்று கேட்டேன்.

"எங்க சாப்ட்டேன்? மேஸ்திரிய புடிக்கணும்னு வெறும் வயித்தோட ஓடிட்டேன்."

"அப்ப அது பசி மயக்கமா இருக்கும்."

"இருக்கும்" என்றார், வடையைப் பிட்டுக்கொண்டே. மறுத்துப் பேசினால் நான் இன்னும் பத்துக் காரணம் அடுக்கியிருப்பேன். ஒத்துக்கொள்கிற ஆளிடம் எப்படிச் சண்டை போடுவது?

காலை 8.05. கச்சிராயபாளையம் போகும் நகரப் பேருந்து. பதினைந்து கிலோமீட்டர். பெண்களுக்குக் கட்டணமில்லை, அவருக்குப் பதினைந்து ரூபாய். அன்றைய கணக்கில் நான் அவரைவிட மேலே நின்ற இடம் இது ஒன்றுதான். இரண்டு பக்கமும் கரும்பும் நெல்லும் மரவள்ளியும். அவர் ஒவ்வொரு கரும்பு வயலையும் திரும்பித் திரும்பிப் பார்த்தார். எத்தனை மாதத்துப் பயிர் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

நான் இரண்டாவது வழியை எடுத்தேன். தாங்க முடியாத பாரம் ஏறினால் மனம் தன்னையே கழற்றி வைத்துவிடும் என்பது அது. அரவைப் பருவத்துக்கு முன்னால் ஆள் கிடைக்காமல் அவர் அலைந்தது எனக்குத் தெரியும்.

"அந்த வாரம் ஆலைல எதுனா பிரச்சனையா?"

"எந்த வாரம் இல்ல? ஒரு வெவசாயி பூச்சி மருந்த கைல வெச்சிகினு, மொதல்ல என் கரும்ப வெட்டுன்னு நின்னாரு."

"அந்தப் பயமா இருக்கும்."

"அதுவும் இருக்கும்."

மூன்றாவது ஒரு வழி உண்டு. அனுபவம் என்னவோ ஒன்றுதான், அவரவர் வளர்ந்த இடம் அதற்குச் சொல் கொடுக்கிறது என்பார்கள். லாரி ஓட்டுநருக்கு அம்மன் தெரிவாள், செவிலியருக்கு வெளிச்சம் தெரியும். அதை இவரிடம் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. 'கடவுள் தோன்றினாரா' என்ற கேள்விக்கு மட்டும் அவர் 'சிறிதும் இல்லை' என்று குறித்திருந்தார். அம்மனும் இல்லை, வெளிச்சமும் இல்லை. அவருக்குக் கிடைத்தது கலப்படமில்லாத சரக்கு என்பது அந்த ஒரு கட்டத்திலேயே தெரிந்தது. கோமுகி அணை ஒருபுறம் மின்னிக்கொண்டு வந்தது. நான் அதைச் சரியாகப் பார்க்கவில்லை.

காலை 9.10. கச்சிராயபாளையத்தில் வெள்ளிமலைப் பேருந்து ஏறினோம். ஆளுக்கு இருபத்தைந்து ரூபாய். அணையைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்கிவிடுகிறது. வளைவுக்கு வளைவு காற்று குளிர்கிறது. மழைக்குப் பிறகு மலை முழுக்கப் பச்சை. பாதையோரம் குரங்குகள். பாறைகளில் நூல் நூலாகத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. முதல் தடவை போகிறவர்கள் இடதுபக்க இருக்கையில் உட்காருங்கள், சமவெளி முழுவதும் தெரியும். வாந்தி வருகிறவர்கள் எலுமிச்சம்பழம் வைத்துக்கொள்ளுங்கள், வழியில் எங்கும் கிடைக்காது.

நடத்துநர் டிக்கெட் கிழிக்க வந்தவர் என் கணவரைப் பார்த்ததும் சிரித்தார்.

"இன்னா சார், டீக்கட வளைவுதான? இன்னிக்கி வூட்டம்மாவையும் இட்டுகினு வந்துட்டீங்க!"

என் கணவர் தலையை ஆட்டிவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆடி மாதம் ஒரே ஒரு தடவை வந்த ஆளை, இறங்குமிடம் உட்பட, ஒரு நடத்துநர் எப்படி நினைவு வைத்திருக்க முடியும்? அதுவரை எனக்கு இருந்தது படித்தவளின் பொறாமை. அந்த நிமிடத்தில் எல்லாப் பெண்களுக்கும் தெரிந்த பழைய பொறாமையும் அதோடு சேர்ந்துகொண்டது. மடியிலிருந்த ஆய்வுக் கோப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

காலை 9.50. வளைவில் இறங்கினோம். தகரக் கூரை போட்ட ஒரு டீக்கடை. எதிரே குங்குமம் பூசிய ஒரு கல், அதன் முன்னால் கற்பூரம் எரிந்த கறை. கல்லுக்கு இருபது அடி தள்ளி அந்தப் பாறை. எனக்கு அழுகை வந்துவிட்டது, அது அவ்வளவு சாதாரணமாக இருந்தது. ஒரு கட்டில் அகலம், கறுப்பு, மேலே ஆட்டுப் புழுக்கை, இடுக்கில் கசங்கிய பிஸ்கட் உறை. எதிரே பள்ளத்தாக்கு அழகாகத்தான் இருந்தது. ஆனால் அதைவிட அழகான இடங்களில் நான் உட்கார்ந்து எழுந்து வந்திருக்கிறேன்.

அவரை அன்று போலவே உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தார். "இப்ப இன்னா தோணுது?" என்றேன். "ஒண்ணும் இல்ல, காத்து நல்லா வருது" என்றார். ஐந்து நிமிடத்தில் எழுந்துவிட்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பாறையைத் துடைத்தார். புழுக்கையைத் தள்ளி, உறையைப் பொறுக்கி, துண்டை நான்காக மடித்துப் போட்டார்.

"நீ ஒக்காரு கலா. இங்க மேல ஒரு மேஸ்திரி இருக்காரு, பாத்துட்டு வரேன். அவசரமே இல்ல, பொறுமையா ஒக்காரு."

எனக்குக் கேலியாகப் பட்டது. வசதி உள்ளவர்கள் ஏழைக்குப் பந்தியில் இடம் போட்டுத் தருவது போல. இருந்தாலும் உட்கார்ந்தேன். அதற்குத்தானே வந்திருந்தேன்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தேன். நடந்ததை மறைக்காமல் சொல்கிறேன். மூச்சைக் கவனித்தேன். மூச்சைக் கவனிக்கிற என்னைக் கவனித்தேன். அவர் உட்கார்ந்த இடம் சரியாக இதுதானா என்று சந்தேகம் வந்து இரண்டடி இடப்பக்கம் நகர்ந்தேன். பிறகு வலப்பக்கம். கீழே ஒரு லாரி ஹாரன் அடித்ததும், அன்றும் லாரிதானே வந்தது என்று ஆசையாகக் காதைக் கொடுத்தேன். லாரி போய்விட்டது. தொடையில் எறும்பு கடித்தது. 'நான்' கழலவில்லை. கழலாதது மட்டுமில்லை, அன்று அது என்றுமில்லாத பலத்தோடு இருந்தது. இவருக்குக் கொடுத்தாயே, எனக்கு ஏன் கொடுக்கவில்லை என்று அந்தப் பள்ளத்தாக்கிடம் நியாயம் கேட்டுக்கொண்டே இருந்தது.

காலை 11.10. எழுந்து டீக்கடைக்குப் போனேன். கடைக்காரப் பெண்ணுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். பெயர் வெள்ளையம்மா என்று பிறகு சொன்னாள். டீ பத்து ரூபாய். அவர் மேட்டுப் பாதையில் இறங்கி வருவது தூரத்தில் தெரிந்ததால் இரண்டு டீ சொன்னேன்.

"சாருக்குச் சக்கரை இல்லாமதானக்கா?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. அவர் சர்க்கரையை விட்டது ஆவணி மாதத்திலிருந்து. டீயில் இல்லை, பாயசம் இல்லை, எந்த இனிப்பும் இல்லை. சர்க்கரை ஆலைக்காரர்! நோயா என்று கேட்டேன், இல்லை என்றார். பின்விளைவுக் குறிப்பேட்டில் அதையும் எழுதிவைத்திருந்தேன்: 'இனிப்பில் நாட்டமின்மை, புலனாசை தணிதல்.' எழுதிய அன்று பொறாமையில் எனக்குச் சோறு இறங்கவில்லை. அது இவளுக்கு எப்படித் தெரியும்?

"அவரு இங்க எத்தன வாட்டி வந்திருக்காரு?" என்றேன். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பார்த்தேன்.

"இன்னிக்கோட மூணுக்கா. மொத வாட்டி லாரி மாட்டிகினப்ப. அந்தப் பாறைலேர்ந்து எந்திரிச்சி வந்தாரு, கண்ணெல்லாம் செவந்து இருந்துச்சி. நான் ஒண்ணும் கேக்கல, டீ குடுத்தேன். அடுத்த மாசம் தனியா வந்தாரு. அப்பதான் நேந்துகினாரு."

சின்னசேலத்தில் ஒரு கல்யாணம் என்று அவர் என்னிடம் சொல்லிவிட்டுப் போன நாளாகத்தான் அது இருக்க வேண்டும். "இன்னா நேந்துகினாரு?"

அவள் டீயை ஆற்றுவதை நிறுத்தினாள். "உங்களுக்குத் தெரியாதாக்கா? ஐயோ, யாருக்காவ நேந்துகினமோ அவுங்ககிட்ட சொல்லக்கூடாது. நான் வாய வுட்டுட்டேன்."

"எனக்காவா?"

டீயை டம்ளரில் ஊற்றி என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள். "எங்க வூட்டுக்காரரு குடகுல காப்பி தோட்டத்துக்குப் போயிருக்காரு. அவரு நல்லபடியா திரும்பி வர்ற வரைக்கும் கறி தின்ன மாட்டேன்னு அந்தக் கல்லாண்ட நேந்துகினு இருக்கேன். அத்த சாருகிட்ட சொன்னேன். அவரு உடனே போயி கல்லாண்ட நின்னாரு. எங்க வூட்டம்மா இதுக்காவ இருவது வருசமா கண்ண மூடிகினு கெடக்குது, அதுக்கு வராம எனக்கு வந்துட்சி, அதுக்கும் வர்ற வரைக்கும் சக்கரைய தொட மாட்டேன்னாரு. எது வரணும்னு எனக்குத் தெரியாதுக்கா. கொழந்தையோன்னு நெனச்சேன்."

டம்ளர் சுட்டது. கீழே வைக்கத் தோன்றவில்லை. எங்கள் ஊரில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூட, பந்தியில் ஒருவர் ஒன்றைத் தொடாமல் ஒதுக்கினால், "இன்னா, நேந்துகினியா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். நான் மட்டும் கேட்கவில்லை. கணவர் எனக்காக எடுத்த வேண்டுதலை அவருடைய ஞானத்தின் அறிகுறி என்று எழுதிவைத்து, அதைப் பார்த்தும் பொறாமைப்பட்டேன். இருபது வருடப் படிப்பு எனக்குச் செய்து கொடுத்தது இதுதான். வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்கு நடுவிலும், இதை இந்தப் பெண்ணிடம் சொன்னவர் என்னிடம் சொல்லவில்லையே என்று ஒரு மூலையில் எரியத்தான் செய்தது. என்னை நான் அறிவேன்.

அவர் வந்து சர்க்கரையில்லாத டீயைக் குடித்தார். என் முகத்தைப் பார்த்தார், உடனே பார்வையை விலக்கிக்கொண்டார். வெள்ளையம்மா பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

மதியம் 12.40. கீழே இறங்கும் வண்டி. கூட்டமில்லை, இருவரும் பின்பக்கம் உட்கார்ந்தோம். மூன்று வளைவு தாண்டியதும், சன்னல் கம்பியைப் பார்த்தபடியே மெதுவாகக் கேட்டார்.

"ஒக்காந்தியே, எதுனா வந்துச்சா?"

அவர் முகத்தில் இருந்த ஆசையை நான் அதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன், எங்கள் மகளுக்குத் தேர்வு முடிவு வந்த நாளில். பாறையைத் துடைத்ததும் துண்டை மடித்துப் போட்டதும் கேலியில்லை என்பது இப்போது புரிந்தது.

ஒரு பொய் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. இந்த விஷயத்தில் என்னைப்போலப் பொய் சொல்ல ஆள் கிடையாது. காலம் எப்படி நிற்கும், ஓசை எப்படி விலகும், திரும்பி வரும்போது எந்த வார்த்தையில் தடுமாறவேண்டும், எல்லாம் எனக்கு மனப்பாடம். சொல்லியிருந்தால் கச்சிராயபாளையத்தில் இறங்கியதும் அவர் ஜாங்கிரி வாங்கித் தின்றிருப்பார். ஆனால் நம்பிவிடுவார். நம்பி, தான் கண்டதை நானும் கண்டவள் என்று நினைத்து என்னோடு பேச ஆரம்பிப்பார். அப்புறம் சாகும்வரை நான் போகாத ஊருக்கு வழி சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

"வரல" என்றேன். "எறும்புதான் கடிச்சுது. ஒக்காந்திருந்த நேரம் பூரா உங்கமேல பொறாமதான் பட்டுகினு இருந்தேன். இன்னிக்கி மட்டும் இல்ல, ஆடி மாசத்துலேர்ந்து."

"தெரியும்."

"தெரியுமா?"

"ஒரே வூட்ல இருக்கறோம். மூஞ்சிய பாத்தா தெரியாதா?"

"சக்கரைய வுட்டுட்டீங்களாமே."

அவர் முகம் வாடிவிட்டது. "அந்தப் பொண்ணு சொல்லிட்சா? சொன்னா பலிக்காது அது."

"பலிக்கலன்னா? கடேசி வரைக்கும் சக்கரை இல்லாமயே இருப்பீங்களா?"

"கரும்புலயே கெடக்கறவன். வாசன போதும் எனக்கு."

"வெளயாடாதீங்க. இன்னாத்துக்கு இதெல்லாம்? எனக்கு வந்தா உங்களுக்கு இன்னா ஆவப்போவுது?"

வண்டி ஒரு வளைவில் திரும்பியது. அணை தெரிந்து மறைந்தது. அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தனியா இருக்குது கலா" என்றார். "நல்லாத்தான் இருக்குது. ஆனா ஒருத்தனுக்கு மட்டும் தெரிஞ்சா யார்கூட பேசறது? உனக்கும் வந்துட்டா ரெண்டு பேரும் அதப்பத்திப் பேசிகினு இருக்கலாம்னுதான் நேந்துகினேன்."

"என்கிட்டச் சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொல்லத்தான் வந்தேன். நீ பேசாதன்னுட்ட."

அவர் குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. அதனால்தான் தாங்க முடியவில்லை. முன் இருக்கையில் ஓர் அம்மாள் திரும்பிப் பார்த்தார். நான் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இப்ப சொல்லுங்க" என்றேன்.

நம்பாமல் என் மடியைப் பார்த்தார். ஆய்வுக் கோப்பை எடுத்து இருக்கைக்கு அடியில் வைத்தேன். பேசத் தொடங்கினார். கோர்வையாக இல்லை. லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தானாம். அந்தச் சத்தம் முதலில் வெளியிலிருந்து வந்ததாம், பிறகு எங்கிருந்து வருகிறதென்று தெரியவில்லையாம். "என் வயித்துலேர்ந்து அடிக்கற மாதிரி இருந்துச்சி. வலிக்கல. சிரிப்புதான் வந்துச்சி." எதிரே வெள்ளையம்மா டம்ளர் கழுவியதைப் பார்த்தாராம். கழுவுகிற கையும் தானே, டம்ளரும் தானே என்று இருந்ததாம். பூச்சி மருந்தோடு நின்ற விவசாயியை அந்த நேரத்தில் நினைத்தாராம், அவரும் வேறு ஆளில்லை என்று தெரிந்ததாம். அதனால்தான் மறுநாளே முதல் வெட்டு உத்தரவு அவருக்குப் போயிற்றாம். என் நாற்பது கேள்வியில் ஹாரனும் இல்லை, டம்ளரும் இல்லை, அந்த விவசாயியும் இல்லை.

கச்சிராயபாளையத்தில் வண்டி மாறும்போதுகூட நிறுத்தாமல் பேசினார். மூன்று மாதமாக வாய்க்காலில் அடைத்து வைத்த தண்ணீர். நடுநடுவே, "உனக்குப் புரியுதா?" என்று கேட்டார். சில இடங்களில் "புரியல" என்று உண்மையைச் சொன்னேன். சரி என்று மறுபடி வேறு விதமாகச் சொல்லிப் பார்த்தார்.

பிற்பகல் 2.35. கள்ளக்குறிச்சி. மழை வலுத்திருந்தது. திருக்கோவிலூர் வண்டி புறப்படத் தயாராக நின்றது, ஏறச் சொல்லி நடத்துநர் கூப்பிட்டார். அவர் பாதி வாக்கியத்தில் இருந்தார். வண்டியைப் போகவிட்டுச் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தோம். வீட்டில் எங்களுக்கு இப்படி ஒரு பெஞ்சு கிடையாது. அங்கே அவர் பேச ஆரம்பித்தால் குக்கர் கத்தும், கைபேசி அடிக்கும், நான் ஏதாவது எழுத உட்கார்ந்துவிடுவேன்.

எனக்கு இனிமேல் அது வருமா என்று தெரியாது. அடுத்த தடவை நானும் அந்தக் கல்லிடம் நின்று எதையாவது விட வேண்டுமோ என்னவோ. அவர் கண்களை லேசாகச் சுருக்கி, அந்த லாரி நகர்ந்த நிமிடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லச் சொல்ல முகம் தெளிந்துகொண்டே வந்தது. கேட்கக் கேட்க எனக்குப் பொறாமை இன்னும் ஏறியது. ஏறட்டும் என்று விட்டுவிட்டு, "அப்புறம்?" என்று கேட்டேன்.